கணக்கு உன் பெயரில் இருக்கிறது

தாமான் செந்தோசா,
கிள்ளான்.
மார்ச் 4

திருமதி புஷ்பவல்லி நாகையா அவர்களுக்கு,

பொருள்: டிகோடர் பழுது

நான் நலம். அங்கே உன் தங்கை வீட்டிலும் எல்லாரும் நலமாக இருப்பீர்கள். போர்ட் கிள்ளான் கிடங்கில் முப்பது வருடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன் நான். எதையும் எழுத்தில் வைத்துத்தான் பழக்கம். இந்தக் கடிதத்துக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

போன் செய்து பார்த்தேன். எப்போது அழைத்தாலும் லெட்சுமிதான் எடுக்கிறாள். அக்கா குளிக்கிறாங்க அத்தான் என்கிறாள். போன செவ்வாய்க்கிழமை மட்டும் நீ நான்கு தடவை குளித்திருக்கிறாய். சுங்கை பட்டாணியில் தண்ணீர்த் தடையே கிடையாது போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பிப் போன மறுநாள் சாயங்காலம் இங்கே பெரிய இடி. டிவிக்குக் கீழே இருக்கும் டிகோடர் பெட்டியில் சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது. நான் ஃபுட்பால் பார்க்க உட்கார்ந்த நேரம். தட்டினேன். கவிழ்த்து வைத்தேன். உன் ஹேர் டிரையரை எடுத்துக் காற்றுக் காட்டினேன். பக்கத்து வீட்டு ரமணி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துச் சிரித்தாள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டிவி சேனல் கம்பெனியின் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் நம் வீட்டு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, புஷ்பவல்லி யார் என்று கேட்டாள். என் மனைவி என்றேன். கணக்கு அவங்க பெயரில் இருக்கிறது, அவங்கதான் வரவேண்டும் என்றாள். நான்தான் வீட்டுக்குத் தலைவர் என்று விளக்கினேன்.

"இருக்கலாம் அங்கிள். ஆனா சிஸ்டத்துல நீங்க இல்லையே" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அந்த விண்ணப்பப் பாரத்தை நிரப்ப ஆள் வந்தபோது, இந்தக் கண்றாவியெல்லாம் என் பெயரில் வேண்டாம் என்று சொன்னது நான்தான். நீ தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாய். இப்போது ஞாபகம் வருகிறது.

ஆகவே உன் அடையாள அட்டையின் (ஐசி) நகல் ஒன்றும், நான் உன் சார்பில் செயல்படலாம் என்று ஓர் அனுமதிக் கடிதமும் தேவை. தபால் தலை ஒட்டி, விலாசம் எழுதிய உறை இத்துடன் இருக்கிறது.

உன் தமிழ்ச் சேனல் பேக்கை நான் நிறுத்தியது பற்றி: அது ஒரு நிர்வாக முடிவு. நாம் இரண்டே பேர், இரண்டு பேக் எதற்கு, ஸ்போர்ட்ஸ் மட்டும் இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று முகுந்தன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து சொன்னான். பெற்ற பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். ஒரு நாடகம் வரவில்லை என்பதற்காகப் துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போவது அதிகப்படி என்பது என் கருத்து. இதைக் கோபமாக எழுதவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மு. நாகையா

பி.கு. கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது? ஏழு டப்பா திறந்துவிட்டேன். மூன்றில் மல்லித்தூள்.

*

கிள்ளான்
மார்ச் 24

புஷ்பவல்லிக்கு,

உன் ஐசி நகல் வந்து சேர்ந்தது. உறைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு முறை உதறிப் பார்த்தேன். நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு ‘டிகோடர் விஷயத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். முறைப்படி அது சரிதான். ஆனால் அனுமதிக் கடிதம் இல்லை. கடுகு பற்றியும் தகவல் இல்லை.

நகல் வருவதற்குள் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பிரவின் என்று ஒருவன், போன் கவர் விற்கிறவன், சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினான். வீட்டு இன்டர்நெட்டில் செருகினால் போதுமாம், மாதக் கட்டணம் இல்லையாம், தொள்ளாயிரம் சேனலாம், லைஃப்டைமாம். கணக்கு யார் பெயரில் என்று அவன் கேட்கவே இல்லை. அது எனக்குப் பிடித்துப்போய் வாங்கிவிட்டேன்.

சேனல் தொள்ளாயிரம் இருந்தது உண்மை. ஒன்றில் ஒட்டக ஏலம். அதை ஒரு மணி நேரம் பார்த்தேன். நல்ல ஒட்டகம் ஒன்று கடைசி வரை விலை போகாமல் நின்றது. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தமிழ் என்று போட்டிருந்த சேனலில் ஒரு பாடகர் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் போட்டபோதும் திறந்த வாயோடுதான் இருந்தார். ஃபுட்பால் சேனலில் பந்து ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாக வந்தது. பக்கத்துத் தெருவில் கோல் என்று கத்தி முடித்துச் சாப்பிடப் போன பிறகுதான் எனக்குப் பந்து உதைபடும்.

ஒன்பதாம் நாள் பெட்டி செத்துப்போனது. பிரவினிடம் கொண்டுபோய், லைஃப்டைம் என்றாயே என்று கேட்டேன்.

"ஆமா அங்கிள். பாக்ஸோட லைஃப்டைம் லா" என்றான்.

அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ஒரு முக்கியமான ஆட்டம். ரமணி வீட்டில் பார்க்கலாம் என்று, சும்மா போகக்கூடாதே என ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன். ரமணியின் கணவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். டிவியில் உன் ஏழு மணி நாடகம். இது முடியட்டும் அண்ணே, உட்காருங்க என்றாள். உட்கார்ந்தேன்.

புஷ்பவல்லி, அந்த மூத்த மருமகளைப் பாயசத்தில் விஷம் வைத்தாள் என்று பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்களே, அவளுக்கு வாய்த்த வக்கீல் சுத்தமாகச் சரியில்லை. அன்றைக்குப் பால் எத்தனை மணிக்கு வந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடங்கில் வேலை பார்த்த எவனும் முதலில் அதைத்தான் கேட்பான். இதை ரமணியிடம் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவரும் கண்ணை மூடியபடியே ஆமாம் என்றார். நாடகம் முடிந்து பார்த்தால் என் ஆட்டத்தில் முதல் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு தினமும் போகிறேன். விசாரணை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

லெட்சுமி வீட்டில் தமிழ் பேக் கிடையாது, அவள் புருஷன் செய்தியும் மல்யுத்தமும் தவிர எதையும் வைக்க விடமாட்டார் என்று போனில் அவளே சொன்னாள். அப்படியானால் நீ இந்த மூன்று வாரமாக ஒன்றும் பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்: பாயசக் கிண்ணத்தை மாற்றி வைத்தது சின்ன மைத்துனன். நமக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். முந்தாநாள் ரமணி வீட்டில் பேட்மின்டன் வைத்தாள். இந்நேரம் புஷ்பா அக்கா இருந்திருந்தால் கோட்டில் விழுந்த அந்தப் பந்துக்கு நடுவரைக் கிழித்திருப்பாங்க என்றாள். எந்த புஷ்பா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ எத்தனையோ வருடமாக அவள் வீட்டில் போய்ப் பேட்மின்டன் பார்க்கிறாயாம். நம் வீட்டு டிவியில் நான் ஃபுட்பால் வைத்திருப்பதால் போவாயாம். நீ கறிவேப்பிலை வாங்கப் போகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலைக்கு ஏன் ஒன்றரை மணி நேரம் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று நீ சொன்னாயே, "முப்பத்தஞ்சு வருஷமா நான் என்ன பாக்குறேன்னு நீங்க ஒரு நாளும் பாத்ததில்ல" என்று. நாடகத்தைப் பற்றிச் சொல்கிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் உன் முட்டி வீங்கும். தைலம் இங்கேயே இருக்கிறது. அனுப்பவா?

நாகையா

*

கிள்ளான்
ஏப்ரல் 2

அன்புள்ள புஷ்பா,

உன் பதில் கிடைத்தது. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரே வரி: ‘மூத்த மருமகள் என்ன ஆனாள்?’ அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். ரமணியிடமும் காட்டினேன். அவள் கணவர் எழுந்து உட்கார்ந்து வாங்கிப் படித்தார்.

மருமகளுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. பால்காரன் சாட்சி சொன்னான். நான் சொன்ன அதே கேள்வியை நேற்றுத்தான் புது வக்கீல் கேட்டார். மாமியார் இன்னும் நம்பவில்லை. புருஷன்காரன் இத்தனை நாளும் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது கோர்ட் வாசலில் போய் நிற்கிறான், கூட்டிக்கொண்டு போக. அவள் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். ரமணிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அவ்வளவாக இல்லை.

இப்போது டிகோடர். பழைய கம்பெனியை விட்டுவிடலாம், ஃபைபர் இன்டர்நெட்டும் டிவி பெட்டியும் சேர்த்துத் தருகிற புதுக் கம்பெனி ஒன்று பிரிக்பீல்ட்ஸில் கூடாரம் போட்டிருக்கிறது என்று முகுந்தன் சொன்னான். கமூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் இறங்கி நடந்தேன். அங்கே மலர்விழி என்று ஒரு பெண். பொறுமைசாலி. நாற்காலி போட்டு உட்கார வைத்து, பேக் பேக்காக எடுத்துச் சொன்னாள். கடைசியில் பாரத்தை எடுத்து முதல் கேள்வி கேட்டாள்.

"வீட்டுல டிவி பாக்குறது எத்தனை பேர், அங்கிள்?"

எதற்கு என்று கேட்டேன். ஒரு ஆளுக்குத் தனி பேக், குடும்பத்துக்குத் தனி பேக், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றாள். எனக்குப் பின்னால் நின்றவரை முதலில் கவனிக்கச் சொன்னேன். அவருக்குப் பின்னால் நின்றவரையும். சாலையைத் தாண்டி ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ரெண்டு பேர் என்றேன்.

ஆன்டி என்னென்ன பார்ப்பாங்க என்றாள். அதற்கு நான் தயாராகப் போயிருந்தேன். ரமணியைக் கேட்டு, கிடங்கில் சரக்கு எடுப்பதுபோல் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஏழு மணி நாடகம், ஏழரை மணி நாடகம், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டி, பேட்மின்டன், மீன் சமைத்துக் காட்டும் அந்த மலாய்க்காரர். பக்கத்தில் நேரம். அடியில் கூட்டினால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட வரவில்லை. என்னுடையதையும் எழுதிக் கூட்டினேன். அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. நீ உட்கார்ந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நான் வெட்டியிருக்கிறேன்.

மலர்விழி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆன்டி மேல உங்களுக்கு ரொம்ப அக்கறை அங்கிள் என்றாள். இல்லை, இது போன வாரம் எடுத்த கணக்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

உண்மை என்றதும் இன்னொன்று. நான் தமிழ் பேக்கை எப்படி நிறுத்தினேன் என்று நீ கேட்கவே இல்லை. கணக்கு உன் பெயரில் இருக்கும்போது எப்படி முடிந்தது என்று கவுண்டர் பெண்ணும் யோசிக்கவில்லை. நீ கோயிலுக்குப் போயிருந்தபோது உன் ஐசி எண்ணைச் சொல்லி, நான்தான் புஷ்பவல்லி என்று போனில் பேசினேன். குரலைக் கொஞ்சம் மெல்லிசாக வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இருந்த ஆள், தொண்டை சரியில்லையா மேடம் என்று கேட்டார். மழை, சளி பிடித்திருக்கிறது என்றேன். சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னார். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். முகுந்தனுக்குச் சொல்லாதே. நான் செய்தது தப்பு, புஷ்பா. நிர்வாக முடிவு என்று எழுதியதும் தப்பு.

பேக் எடுத்துவிட்டேன். தமிழ் இருக்கிறது, பேட்மின்டன் இருக்கிறது. ஃபுட்பால் வேண்டுமானால் தனியாகச் சேர்க்க வேண்டுமாம். சேர்க்கவில்லை. ஆட்டம் இருக்கிற நாளில் ரமணி வீட்டுக்குப் போய்க்கொள்கிறேன். அவள் கணவருக்கும் துணையாக இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் நிறுத்த முடியாது. நன்றாக யோசித்துத்தான் சம்மதித்தேன்.

பெட்டி பொருத்த ஆள் வருகிற பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறான். கணக்கு உன் பெயரில்தான் போட்டிருக்கிறேன். ஆகவே வீட்டில் நீ இருந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். திரும்ப எடுத்து எழுதுகிறேன். உன் ஐசி நகல் இருந்தாலே போதும், நானே கையெழுத்துப் போடலாம் என்றுதான் மலர்விழி சொன்னாள். வேண்டாம், என் மனைவி வீட்டில் இருப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளான் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். எந்த பஸ் என்று சொல்ல வேண்டாம், எல்லா பஸ்ஸையும் பார்க்கிறேன். துணிப்பெட்டியை நீ தூக்காதே, முட்டி தாங்காது. நல்லபடியாக வந்து சேர்.

உன்
நாகையா