தாடையில் கேட்ட கம்பி

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். "அப்பாவுக்குப் போன்ல பேசினா கேக்காது. கடிதமும் போடமாட்டேங்கறே. டிகிரி வாங்கினதும் திமிரா?" என்று அம்மா நேற்றுப் போனில் திட்டினாள். நியாயம்தான்.

ஒரு செய்தி. சிரிக்கக்கூடாது. பேஸ் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். இதில் நான்கே கம்பி, எல்லாம் தடிமன். அறைத்தோழி டிரம்ஸ் வாசிப்பவள். அவள் குழுவில் பேஸ் வாசித்தவர் வேலை மாறிப் போய்விட்டார். "உனக்குத்தான் இது சரி. பேஸ் வாசிக்கிறவங்கள மேடையில யாரும் பார்க்க மாட்டாங்க. நிறுத்தினாத்தான் என்னமோ குறையுதேன்னு தேடுவாங்க" என்றாள். எனக்கு அது பிடித்துவிட்டது.

விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பியில் நடக்க வேண்டும். என் நடுவிரல் நொண்டுகிறது. அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள் என்று அறையில் அதை ஒலிபெருக்கியில் சொருகுவதில்லை. கிட்டாரின் மேல்விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். அப்போது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது தெரியுமா!

வேலை நன்றாகப் போகிறது. நாள் முழுக்க ஹெட்போனில் வாடிக்கையாளர்கள். ஹெட்போன் பழசு, புதிது கேட்டிருக்கிறேன்.

இன்னமும் தட்டு, டம்ளரை நழுவவிடுகிறீர்களா? அம்மா பாவம்.

உங்கள் பூனை

*

மார்ச் 11

அன்பு மகள் பூனைக்கு,

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நாலு கம்பின்னா மீதி ரெண்டு எங்க போச்சாம்?" என்று கேட்கிறாள். தாடை விஷயத்தை மட்டும் அவளுக்குப் படிக்கவில்லை.

மில்லில் பேரிங் தேய்ந்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன், ஞாபகம் இருக்கிறதா? திருப்புளியின் நுனியை மெஷின் மேல் வைத்து, பிடியைத் தாடையில் அழுத்துவேன். கரகரப்பு எலும்பு வழியாக ஏறி வந்துவிடும். மற்ற ஃபிட்டர்கள் காதில் வைப்பார்கள். நானும் முதலில் காதில்தான் வைத்தேன். காது போன பிறகுதான் தாடைக்கு வந்தேன். அதற்குப் பிறகும் எட்டு வருஷம், பேரிங் என்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நன்றாகக் கேட்கிறவர்களுக்குத் தாடை ஞாபகம் வராது, கண்ணு.

ஹெட்போனில் சத்தம் எவ்வளவு வைக்கிறாய்? வேறு எதுவும் எழுதாவிட்டாலும் இதற்குப் பதில் போடு.

அப்பா

*

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பயப்படும்படி ஒன்றுமில்லை. சத்தம் பாதி அளவில்தான் வைக்கிறேன்.

மேலே எழுதியது பொய். அடித்துவிட்டு எழுதலாம், அடித்ததையும் நீங்கள் படித்துவிடுவீர்கள்.

முழுச் சத்தம் வைக்கிறேன். இடது காதில் அதுவும் போதவில்லை. ஐந்து மாதமாக இப்படி. போன வாரம் பதிவான என் அழைப்புகளைப் போட்டுக் கேட்ட டீம் லீடர், "ஒரே நம்பரை மூணு தடவை கேட்டிருக்கே. அவர் நீ கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டாரு" என்றார். மாதக் கடைசியில் மறுபடி கேட்பாராம். அன்று தேறாவிட்டால் வேலை இருக்காது.

வெட்கப்படுகிறவள், அதனால்தான் பதில் சொல்வதில்லை என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பாட்டைத் தொடங்கத் தோழி டிரம்ஸ் குச்சியைத் தட்டி எண்ணுவது எனக்குக் கேட்பதில்லை. அவள் முழங்கையைப் பார்த்துத் தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் குழாயைத் திறந்தபடி விட்டிருக்கிறேன். தண்ணீர் வந்து பாதத்தைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

உங்களுக்கு மில் சத்தம். நான் எந்த மெஷின் பக்கத்தில் நின்றேன், அப்பா? காரணமே இல்லாமல் வருவது எங்கே போய் நிற்கும்?

அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

பூனை

*

மார்ச் 25

என் கண்ணுக்கு,

காரணம் இருக்கிறது. என்னிடம்தான் இருக்கிறது.

நீ தவழ ஆரம்பித்த சமயம் மில் டாக்டர் என் காதைப் பார்த்தார். "இது மெஷின் சத்தத்தால வந்ததில்லப்பா. உள்ள இருக்கிற சின்ன எலும்பு இறுகுது. குடும்பத்துல வர்றது. குழந்தைக்கும் வரலாம், வராமலும் போகலாம்" என்றார். வீட்டுக்கு வந்து மில் சத்தம் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா உன்னை மடியில் வைத்திருந்தாள்.

தட்டு, டம்ளர் எதுவும் என் கையிலிருந்து நழுவியதில்லை. உனக்குப் பின்னால் நின்று வேண்டுமென்றே போடுவேன். விழுகிற சத்தம் எனக்குக் கேட்காது. உன் கழுத்தைத்தான் பார்ப்பேன். ஒரு ஸ்பூன் விழுந்தாலும் சட்டென்று திரும்புவாய். அதனால்தான் பூனை என்று கூப்பிட்டேன். நீ திரும்பிய நாளெல்லாம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐந்து மாதம் முன்பு வந்திருந்தாயே, அப்போது பாத்திர மூடியைப் போட்டேன். நீ திரும்பவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஐந்து மாதம் வீணாக்கியது நான்தான்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. நீயும் பேசாமல் இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் போ.

அப்பா

*

ஏப்ரல் 22

அப்பாவுக்கு,

நான்கு வாரம் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்த மூடியை நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. நீங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் முன்னால் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே அறையில்.

டாக்டரிடம் போனேன். ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதருகில் பிடித்தார், ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், கேட்டது. அழுதுவிட்டேன். உங்களுக்கு வந்ததேதான். நரம்பு நன்றாக இருக்கிறதாம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு இப்போது கேட்பதும் போய்விடலாம் என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த "அபூர்வமாக" தூங்கவிட மாட்டேன் என்கிறது.

மாதக் கடைசிவரை காத்திருக்காமல் டீம் லீடரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு எழுத்தில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். இது எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். எனக்குப் பின்னால் எதையும் போடாதீர்கள். முன்னால் வந்து உட்கார்ந்து, கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் இல்லை என்றே சொல்வேன்.

கிட்டாரையும் கொண்டுவருகிறேன். மேல்விளிம்பில் நீங்கள் தாடையை வைத்துக்கொள்ளுங்கள். நான் வாசிக்கிறேன். நடுவிரல் இன்னும் நொண்டுகிறது. உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பூனை