கதவு மூடி ஆடிய நாற்பத்தொரு ஆட்டங்கள்

இல. 1
1988 யூன் 12, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 10.20 மணி

அனுப்புநர்:
கந்தையா கனகரத்தினம்,
போக்குவரத்துப் பகுதி இலிகிதர்
(ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர், கொடிகாமம்),
கீழ்த்திசை மகளிர் கல்லூரி,
ரோலா, சார்ஜா.

பெறுநர்:
ஜனாப் கலீலுர் ரஹ்மான் அவர்கள்,
தலைவர், கல்லூரி ஆட்சிக் குழு,
டுபாய்.

பொருள்: எமது கல்லூரியின் மகளிர் ஐஸ் ஹொக்கி அணி இருக்கவேயில்லை எனப் பதிவாளர் எழுதியமையும், அதனால் செல்வி சோ. பத்மாசனிக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டமையும் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

ஊழியர்கள் தங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1986ஆம் ஆண்டு பெருநாள் ஒன்றுகூடலில் தாங்கள் கூறியதை நம்பி இம்மனுவை எழுதுகிறேன். பதிவாளர் திரு. பத்மநாபன் அவர்கள் எனது மேலதிகாரி. அவருக்கு இரண்டு முறை எழுத்திலும் ஒரு முறை நேரிலும் முறையிட்டேன். பயனில்லாத காரணத்தினாலேயே அவரைக் கடந்து தங்களிடம் வருகிறேன்.

1. செல்வி பத்மாசனி இவ்வாண்டு பி.ஏ. இறுதிப் பரீட்சை எழுதியவர். அட்டனிலிருந்து வந்து, இங்கு அச்சகமொன்றில் மேற்பார்வையாளராகப் பணிபுரியும் திரு. சோலையப்பனின் மகள். கனடாவிலுள்ள ஒரு கல்லூரி அவரைத் தனது மகளிர் அணியின் கோல் காப்பாளராக ஏற்று, கட்டணமின்றிப் படிக்க இடம் தருகிறது. அவர்கள் கேட்பது ஒரே ஒரு கடிதம்: இவர் தமது கல்லூரி அணிக்காக ஆடினார் என்று. அது 1988 யூன் 30க்கு முன் அவர்களது கையில் இருக்க வேண்டும்.

2. அதற்குப் பதிவாளர் 29.05.1988 அன்று அளித்த பதில்: "இக்கல்லூரியில் மகளிர் ஐஸ் ஹொக்கி அணி எதுவும் இயங்கியதற்குப் பதிவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நடைபெற்றது சறுக்கு வகுப்பே."

ஐயா, இது உண்மையல்ல. உண்மையல்ல என்பது அதை எழுதியவருக்கும் தெரியும்.

3. அணியின் வரலாறு பின்வருமாறு. 1984ஆம் ஆண்டு அல் ஐனில் ஒரு வைத்தியசாலையின் கனடிய நர்ஸ்மார், அங்குள்ள பனித்தரை அரங்கில் செவ்வாய்தோறும் பிற்பகல் 3.30 முதல் 5.30 வரை, பெண்களுக்கென ஒதுக்கிய நேரத்தில் ஹொக்கி ஆடி வந்தனர். எதிரணி இல்லாததால் நம் கல்லூரிக்கு எழுதினார்கள். பதினொரு மாணவிகள் பெயர் கொடுத்தனர். அவர்களுள் ஒருவரேனும் அதற்கு முன் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே பனிக்கட்டியைக் கண்டவரல்லர். நர்ஸ்மார் கொடுத்த பழைய சறுக்குச் சப்பாத்துகள் பெரிதாயிருந்தமையால் உள்ளே செய்தித்தாள் திணித்துக் கட்டினர். ஆண்கள் பாடசாலையொன்றில் இரவல் பெற்ற கிரிக்கெட் கால்காப்புகளை அணிந்துகொண்டு பத்மாசனி கோல் வாயிலில் நின்றார். முதல் ஆட்டம் 13.11.1984 அன்று. பதினான்குக்குப் பூச்சியம் எனத் தோற்றோம்.

4. அந்த முதல் ஆட்டத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன், 04.11.1984 அன்று, பதிவாளர் அவர்களே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். பெண்கள் ஆடும்போது ஆண்கள் எவரும் உள்ளே இருத்தலாகாது, புகைப்படம் எடுத்தலாகாது, பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தலாகாது. பெற்றோரின் மனம் கருதி ஆண்டறிக்கையில் 'சறுக்கு வகுப்பு' என்றே குறிக்கப்படும் என்றும் அதில் உண்டு. அவ்விதியை நான் குறை கூறவில்லை. அது இருந்தபடியால்தான் பல தகப்பன்மார் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆண்டறிக்கையில் பெயரை மாற்றி எழுதுவது தவறென்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

5. மாணவிகளைப் பஸ்ஸில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. அரங்கின் கதவுக்கு வெளியே ஒரு மர வாங்கில், கடிகாரத்துடனும் குறிப்புப் புத்தகத்துடனும் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிகளில் திரை போடப்பட்டிருக்கும். கோல் விழுந்தால் உள்ளே ஊதுகுழல் ஒலிக்கும். அந்த நேரத்தைக் குறிப்பேன். அரங்கின் பெண்கள் பகுதிப் பணியாளரான கீழக்கரை ரஹீமா பீவி கதவைச் சற்றே திறந்து, போட்டது யாரென்று சொல்வார். ஆட்டம் முடிந்ததும் இரு அணித் தலைவிகளும் என் குறிப்பைப் பார்த்துக் கையொப்பமிடுவர். 13.11.1984 முதல் 22.03.1988 வரை நாற்பத்தொரு ஆட்டங்கள். வென்றவை பதினைந்து, தோற்றவை இருபத்துமூன்று, சமநிலை மூன்று. கையொப்பமில்லாத பக்கம் ஒன்றுமில்லை.

6. உதாரணத்துக்கு ஒன்று மட்டும் கூறுகிறேன். 03.02.1987 அன்று வடிவு என்ற மாணவி 3.52க்கு ஒரு கோல் போட்டார். அதன் பின் ஊதுகுழல் ஒலிக்கவேயில்லை. அவர்கள் அடிப்பது கையகல இறப்பர் வட்டு. உறைந்து கல்லாக இருக்கும். அது பத்மாசனியின் கால்காப்புகளில் மோதும் சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. இருபத்தாறு முறை எண்ணினேன். 5.28க்கு ரஹீமா பீவி வெளியே வந்து, "பெரியவரே, இன்னைக்கு அந்தப் புள்ள வாசலைச் சாத்திப்புட்டா. ஒண்ணுகூட உள்ள போகல, எழுதிக்கிடுங்க" என்றார். பஸ்ஸில் பத்மாசனிக்கு இடது முழங்கால் மடங்கவில்லை. வழி முழுவதும் மற்றப் பிள்ளைகள் அவரைக் 'கதவம்மா' என்று கேலி செய்துகொண்டு வந்தனர். இது சறுக்கு வகுப்பானால், அந்த முழங்காலை வீங்க வைத்தது எது என்று பதிவாளர் விளக்க வேண்டும்.

7. 05.06.1988 அன்று குறிப்புப் புத்தகத்தை அவரது மேசையில் வைத்தேன். அலுவலகத்தில் இருந்தவர்கள், பாலைவனத்தில் ஐஸ் ஹொக்கியா என்று சிரித்தனர். பதிவாளர் புத்தகத்தைத் திறக்காமலே என்னிடம் கேட்டார்: "பெரியவரே, ஒரு ஆட்டமாவது நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

இல்லை என்றேன். அதுவே உண்மை.

பார்த்தவர்களை அழைக்கலாமே என்றேன். ஆடியவர்கள் தமக்குத் தாமே சாட்சி சொல்ல முடியாதாம். நர்ஸ்மார் கல்லூரிக்கு வெளியாராம். ரஹீமா பீவிக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். ஆக, கண்டவர்கள் அனைவரும் பெண்கள். அவர்களது சொல் ஏற்கப்படாது. ஏற்கப்படக்கூடிய ஆண்கள் எவரும் காணவில்லை. காணக் கூடாதென்று விதித்தவர் அவரே. ஐயா, கதவை மூடச் சொன்ன ஒருவர், மூடியிருந்த கதவையே காரணம் காட்டி உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று கூறுவது எந்த நியாயத்தில் சேரும்?

8. அதன்பின் அவர், ஊர்ப் பெண்ணுக்காக நான் ஓடித்திரிவதாகவும் கூறினார். நான் வடக்கே கொடிகாமம், பத்மாசனி மலைநாட்டு அட்டன். இரண்டுக்கும் நடுவே எத்தனை நிலையங்கள் என்பதை எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உறவு ஏதுமில்லை. கடைசியாக, "நீங்க காலேஜ் சம்பளத்துல இருக்கிற ஆளு. உங்க நோட்டு எப்படிச் சாட்சியாகும்?" என்று கூறி, புத்தகத்தைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

9. அன்று மாலை பத்மாசனி போக்குவரத்து அறைக்கு வந்து முடிவைக் கேட்டார். சொன்னேன். அவர் அழவில்லை. "அப்ப நான் வெளயாடவே இல்லைங்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் புகையிரத சேவையில், வராத வண்டியை வந்ததாகவோ, வந்த வண்டியை வரவில்லையென்றோ நான் பதிந்ததில்லை. இரண்டு நாள் கழித்து ரஹீமா பீவியிடம் போய் அவரது வாக்குமூலத்தை எழுதி வாங்கினேன்.

10. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ. பத்மாசனி 1984 நவம்பர் முதல் 1988 மார்ச் வரை கல்லூரியின் மகளிர் ஐஸ் ஹொக்கி அணியில் கோல் காப்பாளராக ஆடினார் எனும் கடிதத்தை 18.06.1988 சனிக்கிழமைக்கு முன் தங்கள் கையொப்பத்துடன் வழங்குதல். அதற்குப் பிந்தினால் கனடாவுக்கு நேரத்தில் சேராது.

ஆ. நான்கு ஆண்டறிக்கைகளிலும் 'சறுக்கு வகுப்பு' என்பதை நீக்கி, பதினொரு மாணவிகளின் பெயர்களுடன் அணியின் பெயரைப் பதிதல்.

இ. ஐயமிருப்பின் ரஹீமா பீவியைத் தாங்களே அழைத்துக் கேட்டல். நாற்பத்தொரு ஆட்டங்களையும் கண்டவர் அவர் ஒருவரே. எழுதத் தெரியாதது கண்ணின் குறையன்று.

கல்லூரி ஊழியன் எழுதிய புத்தகம் செல்லாது என்பதே ஆட்சிக் குழுவின் முடிவுமானால், இணைப்பு 5ஐ முதலில் ஏற்று, அதன் பிறகு புத்தகத்தைத் திறக்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். எனது விசா கல்லூரியின் பொறுப்பில் உள்ளது என்பதையும், அது முடிந்தால் நான் போக வேண்டிய ஊரின் இன்றைய போர் நிலையையும் நன்கறிவேன். யோசித்தே எழுதியிருக்கிறேன். பத்மாசனிக்கோ அவரது பெற்றோருக்கோ இது தெரியாது. தெரிவிக்க வேண்டாம்.

நீதியை எதிர்பார்க்கும்,
தங்கள் பணிவுள்ள,

(ஒப்பம்) க. கனகரத்தினம்
ரோலா, சார்ஜா
12.06.1988

இணைப்புகள்:

1. பதிவாளரின் சுற்றறிக்கை, 04.11.1984 (பிரதி).
2. பதிவாளரின் மறுப்புக் கடிதம், 29.05.1988 (பிரதி).
3. ஆட்டக் குறிப்புப் புத்தகம், 41 ஆட்டங்கள், 82 கையொப்பங்கள் (மூலம், பிரதி இல்லை).
4. ரஹீமா பீவியின் வாக்குமூலம், அவர் சொல்ல நான் எழுதி, வாசித்துக் காட்டியபின் அவரது இடது பெருவிரல் அடையாளம் பெற்றது, 07.06.1988.
5. கல்லூரிப் பணியிலிருந்து எனது விலகற் கடிதம். கையொப்பம் இடப்பட்டுள்ளது.