படகை உடைக்கச் சொன்ன பிள்ளைக்கு

சிரஞ்சீவி லோகநாதனுக்கு உன் அம்மா செல்வம்மாள் சொல்லும் ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் நைனாவும் தங்கையும் சுகம், அதிலும் வியர்க்காத சுகம். அவ்விடம் கடல் கடந்த பத்தாவியில் உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லை என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சொல்வது நான், எழுதுவது உன் தங்கை ராஜாத்தி, நடுவில் இவள் வாலை நீட்டினால் நான் பொறுப்பில்லை. (நீ தலைச்சன் என்றால் நான்தானே, அண்ணா, வால்.)

உன் கடுதாசி வந்தது, அதில் கடுகடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. நைனாவுக்குக் கோட்டைத் தெருவில் மச்சு வீடு கட்டிக் கொடுத்தேன், துடுப்பைக் கீழே வைத்த மனுஷன் காலை நீட்டி உட்காரட்டும்னு பார்த்தால், கோடை பிறந்ததும் பெண்டு பிள்ளையோடு பழைய படகில் போய்க் கிடக்கிறாராமே, இங்கே கப்பலில் வந்து இறங்குகிற நம்ம ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், கிடக்கிறோம். கோட்டைக்குப்பத்துக்கு எதிரே, கடல்காற்று ஏரிக்குள் நுழைகிற வழியில் நங்கூரம் போட்டு, பனையோலைக் கூரை வேய்ந்து, ராஜா மாதிரி கிடக்கிறோம். சிரிக்கிறவனை இங்கே அனுப்பு, அவனுக்கும் ஒரு பாய் போடுகிறேன்.

நீ அனுப்பின படத்தில் எப்படியோ அப்படியேதான் கொத்தனார் கட்டினார், அவர்மேல் குற்றமில்லை. உலாந்தா வெள்ளைக்காரன் வீடு மாதிரி தெருவைப் பார்த்துக் கண்ணாடி சன்னல், அதையும் திறக்க முடியாது. காற்று வருகிற ஏரிப் பக்கம் முழுச் சுவர், ஒரு பல்லி மூக்கை நீட்டவும் துளையில்லை. தன் ஊர்க் குளிருக்கு அவன் கண்டுபிடித்த வீட்டை நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? பகலெல்லாம் தின்ற வெயிலைச் சுவர் பொழுது சாய்ந்ததும் எங்கள்மேல் துப்புகிறது. (பத்தாவியில் இருப்பவனே, எங்களுக்கு இங்கே ஆவி பத்தாது என்றா கட்டினாய்? மச்சு வீட்டில் மச்சத்தை வைத்துப் பார்த்தேன், மறுநாளே கருவாடு.) உன் நைனா உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

எங்களைத் திட்டினாய், சரி, பெற்ற பிள்ளை. ஆனால் என் அண்ணனுக்குத் தனியாக எழுதி, படகை உடைத்து விறகாக்கிவிட்டு இவர்களை வீட்டில் கொண்டுபோய் விடு மாமா என்று சொன்னாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொன்னுரங்கம் மாமன் பொன்னேரியிலிருந்து கோடாலி ஆட்களோடு வந்து கரையில் நின்று, குப்பமே கேட்கிற மாதிரி, மரியாதையாய் இறங்குறியா மச்சான், இல்ல ஆளோட சேத்து உடைக்கட்டுமானு கத்தினார். உன் நைனா எழுந்திருக்கக்கூட இல்லை. உடைக்கலாம் மச்சான், அதுக்கு முன்னாடி என் பிள்ளை கட்டின மாடியில ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து வா, வந்துட்டா நானே முதல் வெட்டு வெட்டுறேன்னார். போச்சு படகு என்றேன் நான். மாமன் கல்லில் படுத்தாலும் குறட்டை விடுகிற ஆள், உனக்குத் தெரியாதா?

குப்பத்து நாகம்மாள் வீட்டில் மீன் குழம்பும் சோறும் ஒரு பிடி பிடித்துவிட்டு மாமன் மாடி ஏறினார். கதவைச் சாத்துவது ராஜாத்தி வேலை. (சாத்தினேன், தாழ்ப்பாள் போடவில்லை, சத்தியம்.) குப்பத்து ஜனமெல்லாம் கரையில் வந்து உட்கார்ந்தது. கோடாலிக்காரர்கள் நம்ம படகிலேயே ஏறி, கூரை நிழலில் வெற்றிலை போட்டார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இதுதான் இதற்குக் கடைசி நாளோ என்று. நிழல் கொஞ்சம்கூட நகரவில்லை, அதற்குள் தெருக்கோடியில் கூச்சல். மாமன் வேட்டியைத் தலையில் சுருட்டிக்கொண்டு கோவணத்தோடு ஓடிவந்து ஏரியில் விழுந்தார், நீந்தி வந்து படகைப் பிடித்துக்கொண்டார். ஏறினவர் ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டு, இன்னா வீடுடா அது, செத்தவனைக்கூட எழுப்பிடும்னு சொல்லி, உன் நைனா பாயிலேயே படுத்துவிட்டார். இப்போது மூன்றாம் நாள், இன்னும் ஊருக்குப் போகிற பேச்சே இல்லை. கோடாலி ஆட்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆகையால் இனிமேல் யாருக்கும் எழுதி ஆள் அனுப்பாதே. நீ ஆசையாய்க் கட்டினாய், அது எனக்குத் தெரியும், ஐப்பசி மழைக்கு அதுபோல் வீடு இந்த ஊரில் இல்லை, மழை பிடித்ததும் நாங்களே வந்து விளக்கேற்றுவோம். ஆனால் கோடையில் நான் எங்கே படுப்பது என்று பத்தாவியிலிருந்து நீ சொல்லாதே. வயிற்றில் சுமந்தபோது உனக்கு இடம் பார்த்தவள் நான், எனக்கு இடம் பார்க்கத் தெரியாதா?

வேளைக்குச் சாப்பிடு, சாராயக் கூட்டத்தோடு சேராதே. எல்லம்மா உன்னைக் காப்பாள், நீ நூறு வயசு வாழ்வாய். மறக்காமல் ஒன்று: அடுத்த கப்பலில் கிழிந்த பாய்மரத் துணி எது கிடைத்தாலும் சுருட்டி அனுப்பு. கூரை இந்தக் கோடைக்குத்தான் தாங்கும், வருகிற கோடைக்குப் புதிதாகப் போட வேண்டும், மாமனுக்கும் சேர்த்துப் பெரிதாக.

இப்படிக்கு, இறங்க மாட்டேன் என்று சொல்லி,
உன் அம்மா செல்வம்மாள்,
பழவேற்காட்டு ஏரிமேல்.