அளவுப் பலகை என்னிடம் இருக்கிறது

குண்டூர் நாடு,
கொல்லிமலை,
4-9-1961

மகன் சின்னராசுவுக்கு,

நீ வேலை பார்க்கும் சர்வதேச மின்சக்திப் பேரவை எங்கள் ஓடையில் தண்ணீர் அளக்க நட்ட அளவுப் பலகையை நான் பிளந்து அடுப்பெரித்துவிட்டதாக முள்ளுக்குறிச்சி வரை பேச்சு. உனக்கும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். தவறு. பிடுங்கினேன், பிளக்கவில்லை. சேற்றைக் கழுவி மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது.

நடவு சமயத்தில் ஓடையை மேலேயே மடக்கி வயல்களுக்குத் திருப்புவது இங்கு ஊர்க்கட்டு. அந்தச் சேற்றில் விளையாடிய உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிபுணர்கள் அப்போது பார்த்து வந்து, கசிந்த மிச்சத்தை அளந்து, மின்சாரம் எடுக்கத் தண்ணீர் போதாது என்று எழுதிக்கொண்டார்கள். நம் தோட்டத்து மாதன் ஓடி வந்து, "ஏனுங்கம்மா, தண்ணி பூராம் வயல்ல நிக்குது, இவங்க வெறுங்கல்லை அளந்துட்டுப் போறாங்களே! அவங்க பாஷைல நீங்க சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். கான்வென்ட் மதர்கள் கற்பித்த ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னேன். தலைமை நிபுணர் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் கேட்டார். பிறகு, அறிக்கையில் திருத்தம் கேட்கும் உரிமை உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே என்றார். நம் நாடு உறுப்பு அல்லவாம், ஒத்துழைக்கும் நாடாம். எது ஒத்துழைப்பு? அவர்கள் பெட்டிகளை நம் ஆட்கள் மலையேற்றிச் சுமந்ததா? என் காப்பியை அவர்கள் குடித்ததா? அதற்குப் பிறகுதான் பலகையைப் பிடுங்கினேன்.

கரண்ட் வந்தால்தான் மலைக்கு ஆஸ்பத்திரி என்கிறது சர்க்கார். உன் அப்பாவைத் தூளி கட்டி இறக்கியபோது எந்த வளைவில் மூச்சு நின்றது என்று உனக்குத் தெரியும். ஒரு முனையைத் தோளில் சுமந்தவன் நீ.

நீயும் அடிவாரம் வரை வந்திருந்தாய் என்பதை அந்த நிபுணர் சொல்லித்தான் அறிந்தேன். பங்களாவில் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தாயாம், மலையேற நேரமில்லையாம். ஏறி வந்திருந்தால் ஓடையை ஒரு பார்வை பார்த்தே தவறைச் சொல்லியிருப்பாய். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

நடவு முடிந்தது. ஓடை நிறைந்து போகிறது. மறுபடி அளக்கச் சொல். பலகையை வேறு யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன்.

குளிருக்கு மார்பை மூடிக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும்.

மறுபடி அளப்பார்களா, யார் வருவது என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் போடு.

அம்மா,
அம்சவேணி