யானை அட்டை

நெருப்பெரிச்சல்,
18.6.1992

அன்பு மகள் அமராவதிக்கு அப்பா மாரப்பன் எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உன் கடுதாசி கிடைத்தது. இருமல் குறைந்திருக்கிறது, ஆனாலும் இன்னும் சில மாதம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். இரு. முட்டை கொடுத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடு. என் முட்டி வீங்கிக் கிடக்கிறது. பெருந்துறைக்குப் பஸ் ஏற முடியவில்லை. ஏறி வந்திருந்தாலும் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. திறந்த நாளிலிருந்தே போகவில்லை. பனியன் கம்பெனிக்குப் போகிறாள். ஏழு வயசு மயிலாத்தாள், காலையில் சோற்றுத் தூக்குப்போசியோடு கம்பெனி வேனில் ஏறிப் போகிறாள். ஏற்றிவிடுவது உன் புருஷன். மாப்பிள்ளை உனக்கு என்ன எழுதினாரோ தெரியாது. அவரும் நானும் பேச்சை நிறுத்திவிட்டோம். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன். அவர் வேறு மாதிரி சொல்லுவார்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன புதிதில் பிள்ளை உன்னைத் தேடி ஓயாமல் ரோட்டுக்கு ஓடினாள். வேன்காரன்கள் கண்மண் தெரியாமல் வருகிறார்கள். அவளை ஓரிடத்தில் உட்கார வைக்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. தேர்க்கடைப் பொம்மை வாங்கி வருவதற்குள் உடைந்துவிடும். பனியன் கம்பெனிப் பேக்கிங்கில் காலமெல்லாம் நின்றவனுக்கு அட்டையைப் பற்றித் தெரியாதா? கழித்துப்போட்ட பெட்டியைப் பிரித்து, இரண்டு அட்டையை மைதாப் பசையில் ஒட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்துக் காயவிட்டேன். அதில் யானை வரைந்து வெட்டி, ஓரம் முழுக்க ஆணியால் ஓட்டை போட்டேன். பனியன் வேஸ்ட் கடையில் நாடாத் துண்டு சும்மாவே கொடுத்தார்கள். ஒரு முனையை மெழுகில் முக்கி உருட்டினால் ஊசி போல நிற்கும், விரலைக் குத்தாது. மறு முனையில் ஒரு முடிச்சு. நாடாவை ஓட்டை ஓட்டையாகக் கோர்த்துக்கொண்டே போகவேண்டும். அவ்வளவுதான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிறகு சேவல், கத்திரிக்காய் என்று செய்தேன். யானைக்கு வேட்டி கட்டுறனுங்க அப்புச்சி என்பாள். சேவலுக்கு மட்டும் கால் பக்கம் கோர்க்கவே மாட்டாள். கட்டிப்போட்டா அது எப்படி நடக்கும் என்று என்னையே கேட்பாள். நான் விடவில்லை. இடது பக்கம் தொடங்கு, ஓட்டையைத் தாண்டாதே, இரண்டு முனையும் சமமாக விடு என்று உட்கார்ந்து பழக்கினேன். ஒரு வேலை என்றால் ஒழுங்காக இருக்கவேண்டும். வீதியில் மற்றப் பிள்ளைகளும் கேட்டன. அவர்களுக்கும் செய்து கொடுத்தேன்.

சித்திரையில் பழனாயி வந்தாள். கம்பெனிக்கு ஆள் பிடித்துவிடும் அதே பழனாயிதான். தண்ணீர் கேட்டாள். கொடுத்துவிட்டு, கண்ணு, அத்தைக்குக் கோர்த்துக் காட்டு என்றேன். நம் பிள்ளையின் கையை நாலு பேர் பார்த்தால் என்ன? பழனாயி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பார்த்தாள். அட சாமி, இது வெரலுங்களா, மிஷினுங்களா என்றாள். நான் சிரித்தேன்.

அடுத்த நாளே மாப்பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டாள். கழுத்தில் வளையம் வைத்த ஓட்டை உள்ள எக்ஸ்போர்ட் பனியனாம். அந்த ஓட்டைகளில் நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகக் கோர்க்கவேண்டுமாம். பெரியவங்க வெரலுக்கு அடங்கறதில்லீங்க, லீவு மட்டும் அனுப்புங்க, நெழல்ல உக்காந்து வெளையாடற மாதிரிதானுங்க என்றாள். நான் முடியாது என்றேன். அதற்கு மாப்பிள்ளை அவள் முன்னாலேயே, ஏனுங்க மாமா, ஊட்டுல கோத்தா வெளையாட்டு, கம்பெனில கோத்தா பாவமுங்களா, பழக்கி உட்டதே நீங்கதானுங்களே என்றார்.

அந்த வார்த்தையை நான் மறக்கப்போவதில்லை. பிள்ளை வேனில் அடிபடாமல் இருக்கச் செய்தேன். எந்தச் சபையில் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். அட்டை செய்தவன் பழி சுமக்க வேண்டுமாம், வேனில் ஏற்றிவிடுகிறவர் சுமக்க மாட்டாராம். இப்போது பழனாயி நான் அட்டை கொடுத்த வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்குகிறாள். எந்தெந்த வீடு என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. வாசலில் பிள்ளைகள் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

லீவு முடிந்தது. ஆர்டர் முடியவில்லை என்கிறார்கள். காலை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்களாம். பெத்தவங்க வரணுமுங்க பெரியவரே, தாத்தா வந்தா ஆகாதுங்க என்று டீச்சர் சொல்லிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டில் இருந்தாள். சிரிக்கட்டும் என்று சேவல் அட்டையைக் கொடுத்தேன். வாங்கினாள், கோர்த்தாள். கால் பக்கத்தையும் சேர்த்துக் கோர்த்தாள். முனைகளைச் சமமாக இழுத்து முடிச்சுப் போட்டு, பார்க்காமலே வலது பக்கம் வைத்துவிட்டு, அடுத்ததற்கு இடது கையை நீட்டினாள். அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. சேவல் எப்படி நடக்கும் கண்ணு என்று கேட்டேன். பேசுனா சூப்பர்வைசர் திட்டுவாருங்க அப்புச்சி என்றாள்.

ஆணியையும் மெழுகையும் கிணற்றில் போட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. உன் கடுதாசி வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே படிக்கிறார். நீ சொன்னால் கேட்பார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடச்சொல்லி ஒரு வரி எழுது. இந்த வாரமே எழுது. நான் அவரிடம் கேட்கமாட்டேன்.

சென்னிமலையான் உன் நெஞ்சைச் சுத்தமாக்கி வீட்டுக்கு அனுப்பட்டும். நீ வந்து அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவதை நான் பார்க்கவேண்டும். அதுவரை இந்த உடம்பு கிடக்கும்.

ஒரு வரி போதும், அம்மணி. அதற்கும் அவர் மசியாவிட்டால், அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார் என்று சேர்த்து எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரப்பன்