கதாஜினா அம்மாவுக்கு இரண்டு தொட்டிச் சாமந்தி

கடலூர் முதுநகர்,
நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மாமாவுக்கு,

உங்கள் மனைவி ஜோதி மேரி எழுதுவது. நானும் பாப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. நீங்கள் நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால்தானே பேச முடியும். புதன்கிழமை பாதிப் பேச்சில் வைத்தவர், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. நேற்று சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே கூப்பிட்டுக் கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பாவப்பட்டு, "வேற நம்பர் இருந்தா போட்டுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டார்கள். நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. செம்மங்குப்பம் சார்லஸ் செவ்வாய்க்கிழமை போலந்துக்கு விமானம் ஏறுகிறான். உங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறான். கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்ற வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சிதம்பரத்தில் உங்கள் அக்கா வீட்டில் அத்தையைப் பார்த்தேன். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள், கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மழை விடாமல் பெய்கிறது, அவர்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அத்தை சாதாரணமாகச் சொன்னார்கள்: "புள்ள கிறிஸ்மஸுக்கு வந்துடுறானாம். இனிமே போவ மாட்டானாம். டிக்கெட்டுகூட போட்டுட்டான், உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது மாமா. தெரியும் அத்தை என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அம்மாவிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. அது இப்போதும் ஆறவில்லை. ஆனால் இந்தக் கடிதம் சண்டைக்கு இல்லை.

அதற்கப்புறம் அத்தை தன் போனை எடுத்து, "பாரு, என் புள்ள தான் குடியிருக்குற வீட்டுக்காரம்மாவுக்குப் பூ வாங்கிக் குடுத்துருக்கான். என்னா மரியாத தெரிஞ்ச புள்ள" என்று நீங்கள் அனுப்பிய படத்தைக் காட்டினார்கள். கைக்கு ஒன்றாக இரண்டு தொட்டி மஞ்சள் சாமந்தியை ஏந்திக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். புதன்கிழமை நீங்கள் சொன்னது எல்லாம் அப்போதுதான் விளங்கியது.

அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? "இவுங்க நம்மள மனுசனாவே மதிக்கல ஜோதி. வீட்டுக்காரம்மாவுக்கு நாமத் திருநாளாச்சேன்னு பரிசு வாங்கினு போனேன். வாங்கி வாசப்படியிலயே வெச்சிட்டு மூஞ்சில அடிச்ச மாதிரி கதவ சாத்திட்டாங்க" என்றீர்கள். என்ன பரிசு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டீர்கள்.

மாமா, அந்த ஊரில் சாமந்தி கல்லறைப் பூ. வேறு எதற்கும் அதைத் தொட மாட்டார்கள். நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாளுக்கு ஊர் முழுக்கக் கல்லறைக்குப் போகும். கண்ணாடிக் குடுவைகளில் மெழுகுவர்த்தி எரியும், ஒவ்வொரு கல்லறைமேலும் இதே தொட்டிச் சாமந்தி இருக்கும். விற்காமல் மிஞ்சியதைக் கடைக்காரர்கள் மாதக் கடைசியில் தள்ளிவிடுவார்கள். அதைத்தான் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். இன்னொன்று, உயிரோடு இருப்பவர்களுக்கு அங்கே ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டைப்படை செத்தவர்களுக்கு. நீங்கள் கணக்காக இரண்டு வாங்கிப் போயிருக்கிறீர்கள்.

அடுத்த வாரம் அவர்களுக்கு இதய ஆபரேஷன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். தனியாக இருக்கிற அந்தப் பெரிய மனுஷி கதவைத் திறக்கிறார்கள். எதிரே நீங்கள், இரண்டு கையிலும் கல்லறைப் பூ, முகம் நிறையச் சிரிப்பு. கதவைச் சாத்தாமல் என்ன செய்வார்கள் சொல்லுங்கள். பஸ்ஸில் வரும்போது இதை நினைத்துச் சிரித்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அழுதுவிட்டேன்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அதே சாமந்திதான் கல்யாணத்துக்கும், தேருக்கும், ஆயுத பூஜைக்குப் பண்ருட்டி லாரிக்கும், கல்லறைத் திருநாளுக்கும். ஒரே பூ எல்லா இடத்துக்கும் போகும். வீட்டுக்காரம்மா பேர் கதாஜினா, நவம்பர் 25 அந்தப் பேருக்குரிய புனித கத்தரீன் திருநாள் என்று ஞாபகம் வைத்து, கூப்பிடாமலே வாழ்த்தப் போனீர்களே, அந்த மனசு யாருக்கு வரும். ஆனால் நான் சொன்ன போலந்துக் கதைகளில் பாதியாவது காதில் வாங்கியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் போஸ்னான் பக்கத்தில் காளான் பேக்கிங் ஷெட்டில் மூன்று வருஷம் நின்றவள் நான். கதையை ஆரம்பித்தாலே குறட்டை விடுவீர்கள். இப்போது எழுத்தில் வருகிறது, தூங்காமல் படியுங்கள்.

அங்கே யாரும் சும்மா சிரிக்க மாட்டார்கள். அது கோபம் இல்லை, முகமே அப்படி. லிப்டில் ஏறினாலும் கடையில் நுழைந்தாலும் "ஜேன் டோப்ரி" என்று முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள், பதில் வரும். டிராமில் டிக்கெட் வாங்கினால் போதாது, உள்ளே இருக்கும் மெஷினில் குத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை இருக்காது, சனிக்கிழமையே ரொட்டியும் பாலும் வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக் பையோடு கொதிக்க வைக்கிற அரிசியை வாங்காதீர்கள், அது சோறே இல்லை. கெஃபிர் என்று புளித்த பால் பாட்டிலில் விற்கும். அதில் உப்பும் பச்சை மிளகாயும் போட்டால் மோர் சாதம் ஆகிவிடும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பூசை முறையும் நம்முடையதுதான், பாஷை புரியாவிட்டாலும் எங்கே எழுந்து நிற்க வேண்டும் என்று உங்கள் முழங்காலுக்கே தெரியும்.

அத்தை கிள்ளையிலிருந்து வரவழைத்த கருவாட்டை, சார்லஸிடம் கொடுத்தனுப்பும் பார்சலில் வைத்திருந்தார்கள். எடுத்துவிட்டேன். அதை நீங்கள் அங்கே வறுத்தால் அந்தக் கட்டிடமே காலியாகும், அப்புறம் எந்தப் பூவாலும் சமாதானம் செய்ய முடியாது. முந்திரியும் இட்லிப் பொடியும் வருகிறது. அத்தையிடம் கருவாடும் பார்சலில் வருகிறது என்றே சொல்லியிருக்கிறேன், நீங்களும் ருசியாக இருந்தது என்று சொல்லுங்கள்.

நம் தோலைப் பார்த்து முகம் திருப்புகிறவர்கள் அங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என்னை ஒருவன் டிராமில் ஏதோ சொல்லி, பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போயிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் கதாஜினா அம்மா அந்த ரகம் இல்லை மாமா. நீங்கள் போன முதல் வாரம் காய்ச்சலில் கிடந்தபோது வாசலில் சூப் வைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்தான். நீங்களே அந்தச் சட்டியைப் படம் எடுத்து அனுப்பினீர்கள்.

உங்கள் மனசு இப்படிச் சோர்ந்ததற்கு அங்கே நாலு மணிக்கே இருட்டுவதும் ஒரு காரணம். எனக்கும் முதல் நவம்பர் அப்படித்தான் இருந்தது. பெட்டியைக் கட்டிவிட்டு, ஷெட் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அந்தப் பெண் பெட்டியைப் பார்த்துவிட்டு, நவம்பரில் இங்கே யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை, ஜனவரியில் வந்து கேள் என்று அனுப்பிவிட்டாள். ஜனவரியில் நான் கேட்கவில்லை. பனியில் விழாமல் நடக்கப் பழகியிருந்தேன், அதிலேயே பெருமையாக இருந்தது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சார்லஸிடம் கடிதம் வாங்கிய அன்றே மூன்று ரோஜா வாங்குங்கள். மூன்று, இல்லாவிட்டால் ஐந்து, நாலு வேண்டாம். சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள். "ப்ஷெப்ராஷம்" என்று சொல்லுங்கள், மன்னிப்பு கேட்கிற வார்த்தை. வாய் கோணினாலும் பரவாயில்லை, அவர்களுக்குப் புரியும். உள்ளே கூப்பிட்டால் ஷூவைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுக்கிற வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அவர்கள் மகன் நார்வேயில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்று சொன்னீர்கள். அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவார்கள்? அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் குவளை, ஸ்பூன், துண்டு, செருப்பு எல்லாம் நாமே எடுத்துப் போக வேண்டும். அந்தப் பையை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். அத்தை சிதம்பரத்தில் படுத்தால் அக்கா இருக்கிறாள், நான் ஓடுவேன். அவர்களுக்கு அந்தக் கட்டிடத்துப் படியில் இறங்க ஒரு கை வேண்டும். முடிந்தபின் டிக்கெட்டைப் பற்றி யோசியுங்கள்.

டிக்கெட்டைப் பற்றி என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ரெசிடென்ஸ் கார்டு வந்தால் நானும் பாப்பாவும் வந்துவிடலாம் என்பதுதான் நம் ஏற்பாடு. இப்போது திரும்பினால் மறுபடி ஏஜென்ட், மறுபடி விசா. அந்த அலைச்சலை இரண்டாம் தடவை நம்மால் தாங்க முடியாது, இதோடு போச்சு. பாப்பா ஸ்கூலில் பனிமனிதன் படம் வரைந்து, அதன் தலையில் மல்லிப்பூ வைத்திருக்கிறாள். இது யார் என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கம்மா, போலந்துல" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கும் அங்கே திரும்ப வர ஆசை மாமா. இத்தனை நாள் அத்தை முன்னால் சொல்லக் கூச்சப்பட்டேன். இந்த முறை தனியாக இல்லாமல், உங்களோடு.

அப்படியும் முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் வந்துவிடுங்கள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், யாரையும் சொல்லவிடவும் மாட்டேன். ஆனால் உங்களை வெறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அது பொய். அந்தப் பொய்யோடு இங்கே வந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்க மாட்டீர்கள்.

கடிதத்தோடு நம் கல்யாணப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். கோவில் வாசலில் எடுத்தது. உங்கள் மாமா பண்ருட்டி மார்க்கெட்டில் அளவு தெரியாமல் வாங்கி வந்த மாலை, இரண்டு பேருக்கும் முகவாய் வரைக்கும் மஞ்சள் சாமந்தி. நீங்கள் தும்மப் போகிற மாதிரி நிற்கிறீர்கள், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். கதாஜினா அம்மாவுக்குப் போனில் காட்டாதீர்கள், இதையே கையில் கொடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்க்கட்டும். எங்கள் கல்யாணத்தன்று போட்ட பூ இது என்று படத்துக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த போலிஷில் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கழுத்து நிறைய அந்தப் பூவைப் போட்டுக்கொண்டவள் ஏழு வருஷமாக நல்லபடியாக உயிரோடு இருக்கிறாள், என்னிடம் வரக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

மாதா உங்கள் கூடவே இருக்கட்டும், அந்த அம்மாவின் ஆபரேஷன் மேஜைப் பக்கத்திலும் நிற்கட்டும். நாளைக் காலைப் பூசையில் இரண்டு பேருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். போனை எடுங்கள் மாமா.

உங்கள்,
ஜோதி மேரி