நம் தெருவுக்கு வராத சப்பரம்

என் ஆசை நைனாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் திருவிழா முடிந்துவிட்டது. மாதா சப்பரம் நம் தெருவுக்கு வரவில்லை. அதற்குக் காரணம் உன் மகன் போட்ட கணக்கு. நீ இருந்திருந்தால் ராயபுரமே அதிரக் கத்தியிருப்பாய்.

காலேஜில் நான் இன்னும் டியூட்டர்தான். லெக்சரர் வேலை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான் என் ஆராய்ச்சி என்றேன். வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரை சிரித்துவிட்டார். குழந்தை விளையாட்டுக்கெல்லாம் சம்பளம் தர முடியாதாம். டிராமில் திரும்பும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி நீ என்னைப் படிக்கவைத்தது இதற்குத்தானா?

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் திருவிழாக் கமிட்டித் தலைவர் மரியான் மாமா வீடு தேடி வந்தார். சப்பரம் ஒருமுறை போன தெருவில் மறுபடி போகக் கூடாது என்ற வழக்கம் உனக்குத் தெரியாததா? ஏதாவது ஒரு தெரு விட்டுப்போய் வருஷா வருஷம் அடிதடி.

"நீ கணக்குல பெரிய ஆளாச்சே. எல்லாத் தெருவுக்கும் போறாப்புல ஒரு வயி போட்டுக் குடு சூச."

என் கணக்கைக் கேட்டு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முச்சந்தியைப் புள்ளியாகவும் தெருவைக் கோடாகவும் வரைந்து பார்த்தேன்.

முச்சந்திக்கு ஒரு தெரு வழியாக வந்து இன்னொன்றில் போனால் மூன்றாவது தெரு பாக்கி நிற்கும். பிறகு அதன் வழியாக வந்தால் வெளியேறப் புதுத் தெரு இருக்காது. நம் கோயில் பங்குத் தெருக்களில் எங்கே பார்த்தாலும் முச்சந்தி. அதனால் எல்லாத் தெருவும் வேண்டுமென்றால் சில தெருக்களில் இரண்டு முறை போயே தீரவேண்டும் என்று கமிட்டி முன்னால் நிரூபித்தேன்.

மாமா எழுந்தார். "கேட்டுக்கினீங்களா? எல்லாத் தெருவும் ஆவாதுன்னு படிச்ச புள்ளயே சொல்லிட்டான். கடைசில கீற கூலிக்காரத் தெருவ வுட்டுருவோம். இனிமே எவனும் சண்டைக்கு வரக்கூடாது."

"மாமா, நான் அப்படியா சொன்னேன்? அது எங்க தெரு!"

"கணக்குப் போட்டது நீதானே?"

காலேஜில் மதிக்காத கணக்கை இங்கே மதித்தார்கள், அதுவும் இந்த லட்சணத்தில்.

அம்மா உனக்காக மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மாலையோடு வாசலில் நின்றாள். கொட்டுச் சத்தம் தெருமுனை வரை வந்து, அப்படியே வேறு பக்கம் போய்விட்டது. "இன்னாடா சூச, உன் கணக்குல நம்ம வூடு இல்லியா?" என்றாள்.

துரை சிரித்தாலும் என் புள்ளிகளையும் கோடுகளையும் விடப்போவதில்லை. ஆனால் அடுத்த திருவிழாவில் நிரூபித்துக்கொண்டிருக்க மாட்டேன், சண்டை போடுவேன். எந்தத் தெருவை எத்தனை முறை மிதித்தாலும் சரி, அம்மா நிற்கும் வாசலுக்கு மாதா வந்தே தீருவாள்.

உன் கோபத்தை மட்டும் சொத்தாகப் பெற்ற மூத்த மகன்,
சூசை